நட்சத்திரத்துக்கு உங்கள் பெயரை வைக்க முடியுமா? வானியல் சங்கங்கள் உண்மையில் என்ன செய்கின்றன?

"உங்கள் அன்புக்குரியவரின் பெயரை ஒரு நட்சத்திரத்துக்கு வையுங்கள்." பிறந்தநாள், திருமண நாள் நெருங்கும் நேரத்தில் மொபைலில் இப்படியொரு விளம்பரம் உங்கள் கண்ணில் பட்டிருக்கலாம். பணம் கட்டினால் போதும். ஃப்ரேம் போட்ட சான்றிதழ், அந்த நட்சத்திரம் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம் எல்லாம் வீட்டுக்கே வந்துவிடும்.

கேட்க நல்லாதான் இருக்கு. ஆனா அந்தப் பெயரை உலகத்தில் எந்த வானியலாளரும் பயன்படுத்தப் போவதில்லை. அந்தச் சான்றிதழுக்கு அறிவியல் மதிப்பு எதுவும் கிடையாது.

அப்படியென்றால் வானத்தில் இருப்பவற்றுக்குப் பெயர் வைக்கும் அதிகாரம் யாருக்கு? புளூட்டோ கோள் இல்லை என்று முடிவு செய்தது யார்? மொட்டை மாடியிலிருந்து வானம் பார்க்கும் ஒரு சாதாரண ஆளின் பெயர் வானியல் பதிவுகளில் இடம்பெற வழி இருக்கா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் வானியல் சங்கங்களிடம்தான் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

பெயர் வைக்கும் அதிகாரம் யாரிடம்?

சர்வதேச வானியல் ஒன்றியம் என்ற அமைப்பிடம். சுருக்கமாக ஐஏயூ. 1919-ம் ஆண்டு ஜூலையில் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரில் தொடங்கப்பட்டது. தலைமைச் செயலகம் பாரிஸில் இருக்கிறது. உலகம் முழுவதும் 12 ஆயிரத்துக்கும் அதிகமான தொழில்முறை வானியலாளர்கள் இதன் உறுப்பினர்கள்.

வானத்தை 88 விண்மீன் மண்டலங்களாகப் பிரித்து, அவற்றின் எல்லைகளை வரையறுத்தது இந்த அமைப்புதான். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏதாவது ஒரு நாட்டில் இதன் பொதுச்சபை கூடும். 1985-ல் டெல்லியில் கூடியது.

2006 ஆகஸ்ட் 24-ம் தேதி செக் குடியரசின் பிராக் நகரில் நடந்த பொதுச்சபையில்தான் 'கோள் என்றால் என்ன' என்பதற்கு வரையறை வகுக்கப்பட்டது. அந்த வரையறைக்குள் வராததால் புளூட்டோ 'குறுங்கோள்' வகைக்குப் போனது. அன்று அரங்கில் இருந்து வாக்களித்தவர்கள் 424 பேர் மட்டுமே. ஆயிரக்கணக்கில் உறுப்பினர்கள் இருக்கும்போது இத்தனை பேர் மட்டும் முடிவெடுக்கலாமா என்ற சர்ச்சை கிளம்பியது.

2018-ல் வேறொரு தீர்மானம் வந்தது. பிரபஞ்சம் விரிவடைவதைச் சொல்லும் 'ஹபிள் விதி'யை இனி 'ஹபிள் - லுமெத்ர விதி' என்று அழைக்கலாமா என்பதுதான் கேள்வி. அதற்கு நேரில் வந்தவர்களின் கையை மட்டும் எண்ணாமல், எல்லா உறுப்பினர்களுக்கும் மின்னணு வாக்குப்பதிவு நடத்தப்பட்டது.

எதற்கு, யார் பெயர் வைக்கலாம்?

ஐஏயூ விதிகளைச் சுருக்கமாகச் சொன்னால் இவ்வளவுதான்:

• நட்சத்திரம்: பணத்துக்கு விற்கப்படுவதில்லை. பெரும்பாலான நட்சத்திரங்களுக்கு எண்ணும் எழுத்தும் கலந்த அடையாளம்தான் உண்டு. காலங்காலமாக வழக்கில் இருக்கும் பெயர்களை ஒழுங்குபடுத்தி அங்கீகரிக்க 2016-ல் தனிக்குழு அமைக்கப்பட்டது.

• வால்நட்சத்திரம்: கண்டுபிடித்தவரின் பெயரே வைக்கப்படும். அமெச்சூர் கண்டுபிடித்தாலும் இதே விதிதான்.

• சிறுகோள்: சுற்றுப்பாதை உறுதியாகி எண் கிடைத்த பிறகு, கண்டுபிடித்தவர் ஒரு பெயரைப் பரிந்துரைக்கலாம். தன் பெயரையே வைத்துக்கொள்ள முடியாது. அரசியல் அல்லது ராணுவத்தால் அறியப்பட்டவர்கள் என்றால் அவர்கள் இறந்து 100 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும்.

• வேற்று நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள்: ஐஏயூ அவ்வப்போது நடத்தும் உலகளாவிய போட்டிகளில் பொதுமக்கள் பெயர் பரிந்துரைக்கலாம்.

இந்த விதிகளின்படி நம்மவர்களின் பெயர்களும் வானத்துக்குப் போயிருக்கின்றன. 4130-வது சிறுகோளின் பெயர் ராமானுஜன். 4538-வது சிறுகோளின் பெயர் 'விஷியானந்த்'. வானியலில் ஆர்வம் கொண்ட செஸ் வீரர் விஸ்வநாதன் ஆனந்தின் பெயர்தான் அது.

2019-ல் நடந்த போட்டியில் இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட நட்சத்திரத்துக்கு 'பிபா' என்று பெயர் வைக்கப்பட்டது. இயற்பியலாளர் பிபா சௌத்ரியின் நினைவாக. அதைச் சுற்றும் கோளுக்கு 'சந்தமசா' என்று பெயர். அதே போட்டியில் இலங்கை தன் நட்சத்திரத்துக்கு 'சாமய' என்றும் கோளுக்கு 'சமகிய' என்றும் பெயரிட்டது. இதற்கெல்லாம் ஒரு பைசாகூட யாரும் கட்டவில்லை.

சரி, சங்கங்கள் எதற்கு?

வானியல் சங்கம் என்றதும் "ஜாதகம் பார்ப்பாங்களா?" என்று கேட்பவர்கள் இன்னும் உண்டு. கிடையாது. ஜோதிடம் வேறு, வானியல் வேறு.

ஒருவர் வானத்தில் ஏதோ புதிதாகப் பார்த்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அது உண்மையா, பிரமையா, லென்ஸில் ஒட்டிய தூசியா என்று யார் சொல்வது? எங்கே எழுதி வைப்பது? ஐம்பது வருஷம் கழித்து இன்னொருவர் தேடினால் அது கிடைக்குமா? பார்த்ததைச் சோதித்து, பதிவு செய்து, பாதுகாப்பதுதான் சங்கங்களின் முதல் வேலை.

இன்று இவற்றை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். ஆராய்ச்சியையே வேலையாகக் கொண்டவர்களுக்கான தொழில்முறைச் சங்கங்கள். ஆர்வத்தால் வானம் பார்ப்பவர்களுக்கான அமெச்சூர் சங்கங்கள். ஆரம்பத்தில் இந்தப் பிரிவினையே இல்லை என்பதுதான் சுவாரசியம்.

விருந்தில் பிறந்த சங்கம்

1820 ஜனவரி 12-ம் தேதி லண்டனில் ஒரு விடுதியில் 14 பேர் இரவு விருந்துக்குக் கூடினார்கள். வானியலுக்கென்று தனிச் சங்கம் வேண்டும் என்று அங்கே முடிவானது. அதுதான் பின்னாளில் ராயல் வானியல் சங்கம் ஆனது. தொடக்ககால உறுப்பினர்களில் பலருக்கு வானியல் பிழைப்பு கிடையாது. வேறு தொழில் செய்துகொண்டே வானம் பார்த்தவர்கள்.

ஆனால் பெண்களுக்கு அங்கே முழு உறுப்பினராக இடமில்லை. பல வால்நட்சத்திரங்களைக் கண்டுபிடித்த கரோலின் ஹெர்ஷலுக்கு 1828-ல் தங்கப்பதக்கம் கொடுத்தார்கள். 1835-ல் கௌரவ உறுப்பினர் என்றார்கள். மற்றவர்களுக்குச் சமமான உறுப்பினர் தகுதியை மட்டும் கொடுக்கவில்லை.

இந்த நிலையில்தான் 1890-ல் பிரிட்டிஷ் வானியல் சங்கம் என்ற புதிய அமைப்பு உருவானது. அமெச்சூர்கள், பெண்கள் எல்லோருக்கும் முதல் நாளிலிருந்தே கதவு திறந்திருந்தது.

இதில் முக்கியமானவர் ஆனி மாண்டர். கிரீன்விச் வானாய்வகத்தில் வேலை பார்த்த இவரை 1892-ல் ராயல் வானியல் சங்கத்தின் உறுப்பினராக முன்மொழிந்தபோது நிராகரித்துவிட்டார்கள். 1898-ல் முழு சூரிய கிரகணத்தைப் படமெடுக்க பிரிட்டிஷ் வானியல் சங்கம் இந்தியாவுக்கு அனுப்பிய குழுவில் அவர் இருந்தார். சூரியனின் வெளிப்புற வளிமண்டலத்திலிருந்து வெகுதூரம் நீளும் ஒளிக்கீற்றை அந்தப் பயணத்தில் படமெடுத்தார். ராயல் வானியல் சங்கம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1916-ல்தான். அந்த ஆண்டுதான் ஆனிக்கும் அங்கே இடம் கிடைத்தது. முதல் விண்ணப்பத்துக்குப் பிறகு 24 வருஷம்.

சந்திரசேகருக்கு நடந்தது என்ன?

தொழில்முறைச் சங்கங்களின் முக்கிய வேலைகள் கூட்டம் நடத்துவது, ஆய்விதழ் வெளியிடுவது, விருது கொடுப்பது. கூட்டம் என்றால் சும்மா பேச்சு இல்லை. ஒருவர் தன் ஆய்வை முன்வைப்பார், மற்றவர்கள் கேள்வி கேட்டுத் துளைப்பார்கள்.

இதன் நல்லது கெட்டது இரண்டையும் அனுபவித்தவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். எரிபொருள் தீர்ந்த ஒரு நட்சத்திரம் 'வெண்குள்ளன்' என்ற நிலையில் நிலைத்திருக்க வேண்டுமானால் அதன் நிறை சூரியனைப் போல சுமார் 1.4 மடங்குக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் தாங்காது. 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போதே இந்தக் கணக்கைப் போடத் தொடங்கியவர் அவர். அப்போது வயது 19.

1935 ஜனவரி 11-ம் தேதி ராயல் வானியல் சங்கக் கூட்டத்தில் இதை விளக்கினார். உடனே எழுந்தார் ஆர்தர் எடிங்டன். அன்றைய வானியல் உலகின் பெரிய தலை. நட்சத்திரம் இப்படியெல்லாம் நடந்துகொள்ளாது என்று சொல்லி, எல்லோர் முன்னிலையிலும் அந்த முடிவைக் கேலி செய்தார். 24 வயது இளைஞருக்கு ஆதரவாக அந்த அரங்கில் ஒருவரும் பேசவில்லை.

ஆனால் கணக்கு தவறவில்லை. அதே சங்கம் 1953-ல் சந்திரசேகருக்குத் தங்கப்பதக்கம் கொடுத்தது. 1983-ல் நோபல் பரிசு வந்தது. ஒரு சங்கத்தின் அரங்கிலும் பெரியவர் சொன்னால் சரி என்று தலையாட்டும் பழக்கம் நுழையலாம். அதைக் கடைசியில் திருத்தியது, அச்சில் பதிவான ஆய்வும் அதைத் திரும்பத் திரும்பச் சோதித்தவர்களும்தான்.

இந்தியாவில் தொழில்முறை வானியலாளர்களுக்கு இருப்பது இந்திய வானியல் சங்கம். 1972-ல் ஹைதராபாத் உஸ்மானியா பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. ஆண்டுதோறும் மாநாடு நடத்துகிறது. கிரகணம் மாதிரியான நிகழ்வுகளின்போது பொதுமக்களுக்கான விளக்கக் குறிப்புகளையும் தயாரித்துத் தருகிறது. இதே பெயரில் 1910-ல், ஹாலி வால்நட்சத்திரம் வந்த வருஷம், கல்கத்தாவிலும் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. ஆனா அது நீண்ட காலம் நிலைக்கவில்லை.

மெட்ரிக் தாண்டாதவருக்கு அமெரிக்காவிலிருந்து வந்த தொலைநோக்கி

அதே ஹாலி வால்நட்சத்திரம் இன்னொருவர் வாழ்க்கையையும் மாற்றியது. ராதாகோவிந்த சந்திரா. இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் ஜசோர் ஊர்க்காரர். மெட்ரிக் தேர்வில் மூன்று முறை தோல்வி. அரசுக் கருவூலத்தில் சின்ன வேலை. 1910-ல் ஹாலியைப் பைனாகுலரில் பார்த்தவர், அதன் பிறகு கையில் இருந்த பணத்தைச் சேர்த்து மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வாங்கினார்.

1918 ஜூன் மாதம் ஒரு ராத்திரி, வரைபடத்தில் இல்லாத ஒரு பிரகாசமான நட்சத்திரம் அவர் கண்ணில் பட்டது. அது ஒரு 'நோவா', அதாவது திடீரென்று வெடித்துப் பிரகாசிக்கும் நட்சத்திரம். அந்தத் தகவல் வழியாக அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்துடன் தொடர்பு கிடைத்தது. அங்கிருந்து அமெரிக்க மாறொளி விண்மீன் பார்வையாளர் சங்கம் அவரைச் சேர்த்துக்கொண்டது.

1911-ல் தொடங்கப்பட்ட இந்தச் சங்கத்தின் வேலை ஒன்றே ஒன்றுதான். சில நட்சத்திரங்களின் வெளிச்சம் கூடிக் குறையும். சிலவற்றுக்கு ஒரு சுற்று முடிய ஒரு வருஷம்கூட ஆகும். எந்த ஆய்வகமும் எல்லாவற்றையும் தினமும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் உலகம் முழுவதும் இருக்கும் அமெச்சூர்களின் கண்ணையே நம்பினார்கள்.

சந்திராவின் உழைப்பைப் பார்த்த சங்கம், 1926-ல் ஆறு அங்குலத் தொலைநோக்கி ஒன்றைக் கடனாகக் கப்பலில் அனுப்பி வைத்தது. 1954 வரை அவர் அனுப்பிய பதிவுகள் 37 ஆயிரத்துக்கும் அதிகம். தேசப் பிரிவினைக்குப் பிறகு மேற்கு வங்கத்துக்கு வந்தார். வயதாகிப் பார்வை தளர்ந்தபோது தொலைநோக்கியைத் தன்னிடமே வைத்துக்கொள்ளவில்லை. அது வைணு பாப்பு என்ற இளம் வானியலாளரின் கைக்கு மாறி, பிற்பாடு நம்ம ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகம் வரை வந்து சேர்ந்தது.

யார் இந்த வைணு பாப்பு? 1927-ல் சென்னையில் பிறந்தவர். இவருடைய அப்பா ஹைதராபாத் நிஜாமியா வானாய்வகத்தில் உதவியாளர். மாணவராக இருக்கும்போதே மாறொளி நட்சத்திரங்களைப் பார்த்துப் பழகியவர் பாப்பு. 1949-ல் ஹார்வர்டில் படிக்கும்போது ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். விதிப்படி அதற்கு 'பாப்பு - பாக் - நியூகிர்க்' என்று பெயர் வந்தது. காவலூரை உருவாக்கிய அவர், 1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவராகவே தேர்ந்தெடுக்கப்பட்டார். காவலூர் வானாய்வகமும், அங்கே இருக்கும் 2.34 மீட்டர் தொலைநோக்கியும் இன்று அவர் பெயரில்தான் இயங்குகின்றன.

வெளிச்சத்தை எப்படி அளக்கிறார்கள்?

நீங்களே செய்து பார்க்கலாம். மார்கழி, தை மாதங்களில் ராத்திரி கிழக்கே தெரியும் சிவப்பு நட்சத்திரம் திருவாதிரை. இதுவும் மாறொளி நட்சத்திரம்தான். இதன் வெளிச்சத்தைச் சொல்ல, ஏற்கெனவே அளவு தெரிந்த இரண்டு நட்சத்திரங்களோடு ஒப்பிட வேண்டும்.

புரோசியான் நட்சத்திரத்தின் அளவு 0.4. ரோகிணியின் அளவு 0.9. எண் குறைந்தால் வெளிச்சம் அதிகம் என்று அர்த்தம். திருவாதிரை புரோசியானைவிட மங்கலாகவும் ரோகிணியைவிடப் பிரகாசமாகவும் தெரிகிறதா? நடுவில் எங்கே வரும் என்று கணித்து, 0.6 அல்லது 0.7 என்று எழுத வேண்டும். கூடவே தேதி, நேரம், எந்த நட்சத்திரங்களோடு ஒப்பிட்டீர்கள் என்பதையும் குறிக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒருவரின் கணிப்பு தவறலாம். ஆனா நூறு பேர், நூறு ஊரிலிருந்து அனுப்பினால் உண்மையான கோடு தெரிந்துவிடும்.

2019 கடைசியில் இதே திருவாதிரை திடீரென்று மங்கத் தொடங்கியது. 2020 பிப்ரவரியில் 1.6 வரை போனது. "வெடிக்கப் போகுதா?" என்று உலகமே பரபரப்பானது. அதன் முந்தைய நடத்தை எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள ஆய்வாளர்கள் திரும்பிப் பார்த்த பதிவுகளில் அமெச்சூர்கள் பல பத்தாண்டுகளாக அனுப்பியவையும் இருந்தன. நட்சத்திரம் வெளியே தள்ளிய வாயுவிலிருந்து உருவான தூசி மேகம்தான் மறைத்திருக்கிறது என்று 2021-ல் விளக்கம் கிடைத்தது.

அந்தச் சங்கத்தின் தரவுத்தளத்தில் இப்போது 5 கோடிக்கும் அதிகமான பதிவுகள் இருக்கின்றன. பதிவு அனுப்ப உறுப்பினர் கட்டணம் கட்ட வேண்டிய அவசியமில்லை. பார்வையாளர் குறியீடு ஒன்றை இலவசமாகப் பெற்றுக்கொண்டால் போதும்.

பெரிய தொலைநோக்கிகள் வந்த பிறகும் அமெச்சூர் தேவையா?

நியாயமான கேள்வி. சிலியில் இருக்கும் ரூபின் வானாய்வகத்தின் 8.4 மீட்டர் தொலைநோக்கி, சில இரவுகளுக்கு ஒருமுறை தென் வானம் முழுவதையும் படமெடுக்கும் திட்டத்தோடு கட்டப்பட்டது. அதன் முன்னால் மொட்டை மாடித் தொலைநோக்கி எம்மாத்திரம்?

ஆனா பெரிய கருவிக்கும் ஒரு சிக்கல் உண்டு. மங்கலான பொருள்களுக்காக உருவாக்கப்பட்ட கேமராவுக்குத் திருவாதிரை மாதிரி பிரகாசமான நட்சத்திரங்கள் கண்ணைக் கூசும். அளக்க முடியாது. அங்கே பகல் ஆகும்போது பார்க்க முடியாது. மேகம் வந்தாலும் முடியாது. உலகின் எல்லா மூலையிலும் ஆள் இருக்கும் அமெச்சூர்களுக்கு இந்தப் பிரச்சினை குறைவு.

சமீப கால உதாரணங்கள் மூன்றைப் பாருங்கள்.

2009 ஜூலை: ஆஸ்திரேலியாவின் அந்தோனி வெஸ்லி தன் வீட்டுத் தொலைநோக்கியில் வியாழன் கோளில் புதிய கரும்புள்ளி ஒன்றைப் பார்த்தார். ஏதோ ஒரு பொருள் மோதிய தடம் அது. அவர் தகவல் கொடுத்த பிறகு ஹபிள் விண்வெளித் தொலைநோக்கியும் அந்தப் பக்கம் திருப்பப்பட்டது.

2016 செப்டம்பர்: அர்ஜென்டினாவின் விக்டர் பூசோ புதிய கேமராவைச் சோதித்துக்கொண்டிருந்தார். பூட்டுத் தொழில் செய்பவர். ஒரு நட்சத்திரம் வெடிக்கத் தொடங்கும் அதே நிமிடங்கள் அவர் படங்களில் பதிவாகிவிட்டன. அந்த ஆய்வு 2018-ல் 'நேச்சர்' இதழில் வெளியானது.

2019 ஆகஸ்ட்: கிரிமியாவில் கென்னடி போரிசோவ் தானே உருவாக்கிய 65 செ.மீ. தொலைநோக்கியில் ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டார். சூரியக் குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்ததாக உறுதி செய்யப்பட்ட இரண்டாவது பொருள் அது. பெயர்? போரிசோவ்.

மூன்று பேருமே பார்த்ததை உடனே வானியல் சமூகத்துக்குத் தெரிவித்தார்கள். அதை மற்றவர்கள் சரிபார்த்தார்கள். சிறுகோள், வால்நட்சத்திரம் சம்பந்தப்பட்ட தகவல்களைச் சேகரிக்க ஐஏயூ-வின் கீழ் சிறுகோள் மையம் என்று தனி அமைப்பே இருக்கிறது.

இந்தியாவில், தமிழ்நாட்டில் எங்கே போவது?

இந்தியாவின் மிகப் பழைய அமெச்சூர் சங்கமாகச் சொல்லப்படுவது புனேயின் ஜோதிர்வித்யா பரிசன்ஸ்தா. 1944-ல் தொடங்கியது, இன்றும் இயங்குகிறது. மும்பையில் 1985 முதல் ககோல் மண்டல் இருக்கிறது. தொலைநோக்கியே இல்லாமல் ஆய்வில் பங்கெடுக்க 'ராட் அட் ஹோம்' என்ற மக்கள் அறிவியல் குழு இருக்கிறது. 2013-ல் தொடங்கிய இந்தக் குழு, புனே அருகே இருக்கும் ராட்சத ரேடியோ தொலைநோக்கியின் தரவுகளைப் படிக்க மாணவர்களுக்கு இலவசமாகச் சொல்லித் தருகிறது.

தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் பல மாவட்டங்களில் வான்நோக்கு நிகழ்ச்சிகள் நடத்துகிறது. சென்னையில் பிர்லா கோளரங்கம், திருச்சியில் அண்ணா அறிவியல் மையக் கோளரங்கம் இருக்கின்றன. காவலூர் வானாய்வகத்தைப் பார்க்கப் பொதுமக்களுக்கும் வழக்கமாக சனிக்கிழமைகளில் அனுமதி உண்டு. கிளம்பும் முன் அன்றைய நிலவரத்தை உறுதி செய்துகொள்ளுங்கள்.

2019 டிசம்பர் 26-ம் தேதி வளைய சூரிய கிரகணம் கோவை, திண்டுக்கல், திருச்சி பகுதிகளிலும் இலங்கையின் யாழ்ப்பாணத்திலும் தெரிந்தது ஞாபகம் இருக்கும். அன்று கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருந்தவர்களும் உண்டு, குழந்தைகளோடு மைதானத்துக்கு வந்து பாதுகாப்பான கண்ணாடி வழியாகப் பார்த்தவர்களும் உண்டு. அடுத்த வளைய கிரகணம் 2031 மே 21-ம் தேதி கேரளா, தென் தமிழ்நாடு வழியாகப் போகிறது. அதற்குள் ஒரு சங்கத்தில் சேர்ந்துவிட்டால், அன்று மற்றவர்களுக்குக் காட்டும் இடத்தில் நீங்கள் இருக்கலாம்.

சேரும் முன் என்ன பார்க்க வேண்டும்?

• முதல் நாளே தொலைநோக்கி வாங்காதீர்கள். நட்சத்திரங்களை வெறும் கண்ணால் அடையாளம் காணப் பழகுங்கள். அடுத்து ஒரு பைனாகுலர். சங்கத்தின் தொலைநோக்கிகளில் பார்த்த பிறகு எது தேவை என்று உங்களுக்கே தெரியும்.

• கட்டணம் கேட்டால் எதற்கு என்று கேளுங்கள். உறுப்பினர் சந்தா, முகாம் செலவு நியாயமானவை. 'கண்டுபிடிப்புச் சான்றிதழ்', 'நட்சத்திரப் பெயர்' என்று காசு கேட்டால் விலகி வாருங்கள்.

• 'மாணவர் சிறுகோள் கண்டுபிடித்தார்' என்ற செய்திகளில் பெரும்பாலும் சொல்லப்படுவது முதற்கட்டக் கண்டறிதல்தான். சுற்றுப்பாதை உறுதியாகி எண் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும். அதனால் மாணவரின் உழைப்புக்கு மதிப்புக் குறைவில்லை. ஆனா அடுத்த நாளே பெயர் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

• சூரியனைப் பார்க்கும் நிகழ்ச்சி என்றால், தரச்சான்று பெற்ற வடிகட்டி இருக்கிறதா என்று பாருங்கள். கூலிங் கிளாஸ், எக்ஸ்ரே ஃபிலிம் எதுவும் கண்ணைக் காப்பாற்றாது.

• பார்த்ததை எழுதி வைக்கச் சொல்லும் சங்கமா என்று கவனியுங்கள். செல்ஃபியோடு முடிந்துவிட்டால் அது சுற்றுலாதான்.

நுங்கம்பாக்கத்தில் கிடைத்த நட்சத்திரம்

ஆரம்பித்த கேள்விக்கே திரும்பி வருவோம். நட்சத்திரத்தோடு ஒருவர் பெயரை இணைக்க வழியே இல்லையா?

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-லிருந்து ஒரு வானாய்வகம் இருந்தது. 1861-ல் அங்கே பொறுப்பேற்றவர் நார்மன் போக்சன். நட்சத்திர வெளிச்சத்தை அளக்க இன்றும் பயன்படும் கணக்குமுறையைச் சொன்னவர் அவர்தான். மேலே திருவாதிரைக்குச் சொன்ன 0.4, 0.9 எல்லாம் அந்த முறையில் வரும் எண்கள்.

அவரிடம் உதவியாளராக இருந்தார் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. வேலை பார்த்துக்கொண்டே கற்றுக்கொண்டவர். 1867-ல், தென் வானத்தில் இருக்கும் ஒரு நட்சத்திரம் வெளிச்சம் மாறுவதை அவர் கண்டுபிடித்தார். 1872-ல் லண்டன் ராயல் வானியல் சங்கம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது. 1874-ல் வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பற்றி, சாதாரண மக்களும் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆங்கிலத்திலும் இந்திய மொழிகளிலும் விளக்க நூல் வெளியிட்டார். இன்று நீங்கள் படிக்கும் இந்த மாதிரிக் கட்டுரைகளுக்கு அது முன்னோடி என்றே சொல்லலாம்.

அவர் கண்டுபிடித்த நட்சத்திரத்தின் பெயர் 'ஆர் ரெட்டிகுலி'. அதில் ரகுநாதாச்சாரி என்ற பெயர் இல்லை. ஆனால் அந்த நட்சத்திரத்தின் வரலாற்றை இன்று எந்த நாட்டு ஆய்வாளர் தேடினாலும், '1867, மெட்ராஸ், ரகுநாதாச்சாரி' என்ற பதிவில்தான் போய் நிற்பார்.

பணம் கட்டி வாங்கும் சான்றிதழ் உங்கள் வீட்டுச் சுவரில் மட்டும்தான் இருக்கும். இன்றைக்கு ராத்திரி மேகம் இல்லையென்றால் மாடிக்குப் போய், ஒரு நட்சத்திரத்தின் வெளிச்சத்தைக் கணித்து, நேரத்தோடு எழுதி அனுப்பிப் பாருங்கள். உங்கள் குறியீட்டோடு அந்த ஒரு வரி, கோடிக்கணக்கான பதிவுகளின் நடுவில் போய்ச் சேரும். செலவு எதுவும் இல்லை.